இருளப்பசாமி கல்லடியில் புது பூட்ஸ்

ஆலடியேந்தல் ஜெயபாண்டியை நேரில் கண்டால் ஊரார் 'எண்ணெய்க்காரர்' என்பார்கள். அவன் தலை மறைந்ததும் வேறு மாதிரிச் சொல்வார்கள். அந்த வேறு மாதிரியை இங்கே எழுத முடியாது. அப்படிச் சொன்னவர்களில் பாதிப்பேர் அவனிடம் வேலை கேட்டு நின்றவர்கள்தான் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

திருச்சுழியிலிருந்து கிழக்கே போகிற பாதையில் ஆலடியேந்தல் கடைசி ஊர். அதற்கப்பால் கரிசலும் கருவேலமும், நடுவில் ஒரு கண்மாயும். கண்மாய் பெருகினால் வீட்டில் சோறு. பெருகாவிட்டால் அருப்புக்கோட்டை மில்லுக்கோ பந்தல்குடி லாரி செட்டுக்கோ ஓட வேண்டும். ஜெயபாண்டியும் ஓடியவன்தான். இளவட்டத்தில் பந்தல்குடியில் லோடு ஏற்றித் தோள் காய்த்துப் போனவன். தகப்பன் செத்த பிறகு நிலத்தோடு கிடப்போம் என்று திரும்பி வந்து, மூன்று இடத்தில் போர் போட்டான். மூன்றிலும் புகைதான் வந்தது. மூன்றாவது போருக்கு முருகலட்சுமியின் கழுத்துச் சங்கிலி போயிற்று. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை என்று அவன் பலமுறை நினைத்திருக்கிறான்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். காவிரிப் படுகை என்றால் தஞ்சாவூர்ப் பக்கம்தானே என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பூமிக்கு அடியில் அது இந்த வானம் பார்த்த சீமை வரைக்கும் வால் நீட்டிக் கிடக்கிறதாம். எந்தக் காலத்திலோ கடல் போட்டுவிட்டுப் போன வண்டல் அடுக்கடுக்காகப் படிந்து, அதற்குள் எண்ணெய் ஊறிக் கிடக்கிறதாம். சொன்னவர் உதயகுமார், மேனேஜர், மெட்ராஸ்காரர். இனிக்க இனிக்கப் பேசுவார். ஊர்க்கூட்டத்தில் யாரும் நிலம் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. ஜெயபாண்டி மட்டும் எழுந்து கண்மாய்க்கு மேற்கே இருந்த தன் நிலத்தில் பாதியைக் குத்தகைக்குக் கொடுத்தான்.

"தண்ணிதான் வரமாட்டேன்னுருச்சு. எண்ணெயாச்சும் வரட்டுமே" என்றான்.

"வேலியில போன ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விடுறீக. கொடையும்போது தெரியும்" என்றாள் முருகலட்சுமி.

எண்ணெய் வராமல் இல்லை, வந்தது. முதல் நாள் குழாய் முனையில் தீ எரிந்தபோது ஊரே போய் வேடிக்கை பார்த்தது. ஜெயபாண்டி கறுப்பாக ஒட்டியதை விரலில் தொட்டு மோந்து பார்த்துச் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தான். பிறகு பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டுகிற பம்பு ஒன்றைக் கொண்டுவந்து நட்டார்கள். வெளிமாநிலத்துப் பையன்கள் ஆரஞ்சு உடுப்பும் ஹெல்மெட்டுமாக உள்ளே வேலை பார்த்தார்கள். வேலிக்கு வெளியே முள் வெட்ட, காவல் இருக்க, டேங்கர் லாரிக்குப் பாதை பார்க்க ஊர் ஆட்களைக் கூட்டிவிடுவது ஜெயபாண்டியின் வேலை.

ஊர் ஆட்கள் உள்ளே போகவே மாட்டார்கள். காரணம் இருளப்பசாமி. வேலியின் வாசலை ஒட்டி ஒரு கல் நட்டிருக்கும். அது சாமி எல்லை. கம்பெனி வருவதற்கு முன்னாலேயே, ஏன், ஊருக்கு முன்னாலேயே இருந்த கல். அதற்கு உள்ளே செருப்புக் காலோடு யாரும் மிதிக்கமாட்டார்கள். அதைவிடப் பெரிய கட்டு இன்னொன்று உண்டு. ஊரில் ஒரு வழக்கு என்றால் இரண்டு பேரையும் கல்லுக்கு உள்ளே வெறுங்காலோடு நிறுத்திக் கேட்பார்கள். அங்கே நின்று பொய் சொன்னவன் குடும்பம் விளங்காது. போலீஸ் ஸ்டேஷனில் கூசாமல் புளுகியவன்கள்கூட அந்தக் கல்லுக்குள் வந்ததும் வாயடைத்துப் போவான்கள். கம்பெனி விதிப்படி உள்ளே வெறுங்காலோடு வரக்கூடாது. சாமி விதிப்படி உள்ளே பூட்ஸோடு வரக்கூடாது. ஆகவே ஊர் ஆட்கள் வெளியிலேயே நின்றுகொண்டார்கள். சோம்பேறிகள், உள்ளே வந்து வேலை பார்க்கச் சலித்துக்கொள்கிறார்கள் என்று உதயகுமார் நினைத்துக்கொண்டார். யாரும் விளக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஒரு வருஷம் போனது. குழாயில் எண்ணெய் குறைந்து தண்ணீர் கூடியது. நல்ல தண்ணீர் இல்லை, வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர், எண்ணெய்ப் பிசுக்கோடு. அதைக் கொட்ட பிளாஸ்டிக் விரித்து ஒரு குழி வெட்டியிருந்தார்கள். குழி என்று சொன்னால் தப்பு, சின்னக் குளம். டேங்கர் வந்து அள்ளிக்கொண்டு போகும் என்றார்கள். வந்தது. பிறகு எப்போதாவது வந்தது. பிறகு வரவில்லை. சம்பளம் நின்றதும் வெளிமாநிலப் பையன்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள். பம்பு மட்டும் தலையாட்டிக்கொண்டு, எண்ணெய்க்குப் பதிலாக உப்புத் தண்ணீரைக் குழிக்குள் தள்ளிக்கொண்டிருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குழிக்குக் கிழக்கே ஒரு மண்கரை. கரைக்கு அந்தப் பக்கம் வரத்துக்கால், அதாவது மழைத்தண்ணீர் கண்மாய்க்கு ஓடுகிற வாய்க்கால். குழிக்கு மேற்கே ஜெயபாண்டியின் மிச்ச நிலம், அப்போதுதான் பருத்தி விதைத்திருந்தார்கள். புரட்டாசி முடியப்போகிறது. ஐப்பசியில் அடைமழை பிடித்தால் குழி நிரம்பும், நிரம்பினால் கிழக்குக் கரை உடையும், உடைந்தால் அந்த நாற்றத் தண்ணீர் அத்தனையும் கண்மாய்க்குள். மாடு குடிக்கிற தண்ணீர், வயலுக்குப் பாய்கிற தண்ணீர், ஊர்க் கிணறுகளுக்கு ஊற்றாகிற தண்ணீர் எல்லாம் அதுதான். ஜெயபாண்டி கொடுத்த நிலத்தால் ஊர்க் கண்மாய் செத்தது என்று தலைமுறைக்கும் பேச்சு நிற்கும். அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பான். காலமெல்லாம் மழை வேண்டும் என்று அண்ணாந்து பார்த்தவன், இந்த வருஷம் வந்துவிடக்கூடாதே என்று பார்த்தான். ஒரு சம்சாரிக்கு இதைவிடக் கேவலம் என்ன வேண்டும்?

உதயகுமாரைத் துரத்தித் துரத்திக் கேட்டான். கடைசியில் அவரே ஒருநாள் வீடு தேடி வந்தார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததே என்று ஜெயபாண்டி நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"பணம் போட்டவங்க பயந்துட்டாங்க ஜெயபாண்டி" என்றார் உதயகுமார். "உற்பத்தி விழுந்துடுச்சுன்னு எங்கேயோ கேள்விப்பட்டிருக்காங்க. நாளைக்கு நேர்ல பார்க்க ஒரு அம்மா வர்றாங்க. சைட்ல வேலை மும்முரமா நடக்குதுன்னு நாங்க எழுதியிருக்கோம். வந்து பார்த்தா ஒரு ஆள்கூட இல்லைன்னா கதை முடிஞ்சுது."

"அதுக்கு நான் என்ன சார் செய்ய?"

"உங்க ஊர் ஆட்களைக் கூட்டிட்டு வாங்க. உடுப்பு, ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் புதுசா தர்றேன். ஒரு பகல் நின்னா போதும். அந்தம்மா திருப்தியா போனா அடுத்த பணம் வரும். வந்ததும் முதல் வேலை உங்க குழி. டேங்கர் விட்டு அள்ளி, மண்ணைப் போட்டு மூடித் தர்றேன். மழைக்கு முன்னாடி. போகலைன்னா…" என்று இழுத்தார். "நாங்க கிளம்பிடுவோம். குழி உங்களோடது."

வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் முருகலட்சுமி. அவர் கார் கிளம்பும் வரை பொறுத்திருந்தாள்.

"பொய்க்கு ஆள் பிடிக்கப் போறீகளா?"

"பின்ன என்னடி செய்யச் சொல்ற? கண்மாய்ல அது எறங்கிட்டா ஊருக்குள்ள நடமாட முடியுமா நம்ம?"

"கல்லுக்கு உள்ள நின்னு சொல்லணுமே. அத யோசிச்சீகளா?"

யோசிக்காமலா இருப்பான்? அன்றைக்குச் சாயந்திரமே தேங்காயும் பழமும் வாங்கிக்கொண்டு கல்லடிக்குப் போனான். சூடத்தை ஏற்றிவிட்டு, "அய்யா, நாளைக்கு ஒருநாள் பூட்ஸுக் காலோட உள்ள வாரேன். கண்மாய்க்காகத்தான். பொறுத்துக்கோ" என்று கேட்டுக்கொண்டான். வெறுங்காலோடு நின்றால்தானே பொய் குற்றம், பூட்ஸைக் கழற்றாமலே நின்றுவிட்டால் சாமிக்கும் தனக்கும் நடுவில் ஒரு தோல் இருக்கிறது அல்லவா என்று அவனுக்கு ஒரு கணக்கு. கெட்டிக்காரன்தான்! ஆனால் கேட்டது தனக்கு மட்டும். கூட வருகிறவர்களுக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அந்த மண்டைக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் அழகுராஜாவும் மற்றவர்களும் கம்பெனிக் கொட்டகையில் உடுப்பு மாட்டினார்கள். அழகுராஜா ஜெயபாண்டிக்கு ஒன்றுவிட்ட மச்சினன், வாய்த்துடுக்குக்காரன். ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "ஏலே, என் பொண்டாட்டி பாத்தா திரும்பவும் மாப்பிள்ளை கேட்டு வருவாலே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஜெயபாண்டி சிரிக்கவில்லை. வடகிழக்கே மேகம் இறங்கிக் கிடந்தது.

"உள்ள போய் ஆளுக்கொரு பக்கம் நில்லுங்க. அந்தம்மா கேட்டா ரெண்டு வருசமா வேலை பாக்குறோம்னு சொல்லிருங்க. கண்மாய மறந்துராதீக" என்று சொல்லி அனுப்பிவிட்டு, உதயகுமாரோடு பாதைக்குப் போய்க் காரை எதிர்கொண்டான்.

காரிலிருந்து இறங்கிய அனுசியாவுக்கு நாற்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, கையில் ஒரு போன், அவ்வளவுதான். நல்ல தமிழ் பேசினாள். உதயகுமார் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். இரண்டாவது கிணறு, புது அடுக்கு, அடுத்த மாதம் பாருங்கள் என்று வாயாலேயே வடை சுட்டுக்கொண்டு வந்தார். அவள் வேலி வாசலுக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

கல்லடியில் பூட்ஸ். ஜோடி ஜோடியாக, கோவில் வாசலில் விட்டதைப் போல வரிசையாக, அத்தனையும் புதிது. சிலதில் கடைச் சீட்டுக்கூடக் கழற்றப்படாமல் தொங்கியது. உள்ளே ஆரஞ்சு உடுப்பும் ஹெல்மெட்டுமாக ஆட்கள் பம்பைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தன் பாக்கி இல்லாமல் எல்லோரும் வெறுங்கால்.

ஜெயபாண்டி உள்ளே எட்டிப் பார்த்தான். அட பாவிகளா! அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை. கல்லைக் கண்டதும் கால் தானாக நின்றிருக்கும், உடம்பு தானாகக் குனிந்திருக்கும். பிறந்ததிலிருந்து செய்கிற காரியத்தை யார் யோசித்துச் செய்கிறார்கள்?

"இது என்ன?" என்றாள் அனுசியா.

"இன்னைக்கு ஒரு பூஜை மேடம்" என்று உதயகுமார் சட்டென்று சமாளித்தார்.

அவள் நேராக உள்ளே நடந்தாள். பூட்ஸைக் கழற்றாமல் ஜெயபாண்டியும் பின்னாலேயே போனான். அழகுராஜாவின் முன்னால் போய் நின்று, "எவ்வளவு நாளா இங்க வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டாள்.

வாய் ஓயாத அழகுராஜா தரையைப் பார்த்தான். அடுத்தவனிடம் கேட்டாள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். பம்பு கிரீச்சிட்டுத் தலையாட்டியது. எல்லாக் கண்ணும் மெல்லத் திரும்பி ஜெயபாண்டியின் மேல் வந்து நின்றன. அங்கே பூட்ஸ் போட்டிருந்த ஊர்க்காரன் அவன் ஒருத்தன்தான்.

அனுசியாவும் அவன் காலைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க. இவங்க யாரு?"

உதயகுமார் அவன் காதோரம் குனிந்தார். "ரெண்டு வருஷமா நம்ம ஆட்கள்னு சொல்லுங்க ஜெயபாண்டி. குழி ஞாபகம் இருக்கட்டும்."

குழி ஞாபகம் இல்லாமலா? குழியைத் தவிர வேறெதுவும் அவனுக்கு ஞாபகத்தில் இல்லை. ஒரே ஒரு வார்த்தை. சாமியிடம் கேட்டாயிற்று, சாமியும் பொறுத்துக்கொள்ளும். தொண்டையைக் கனைத்தான். எதிரே அழகுராஜாவின் பாதம் தெரிந்தது, பித்தவெடிப்பும் கரிசல் மண்ணுமாக. அவனுக்காக வந்தவன்கள். வந்த இடத்தில் பொய் சொல்ல நாக்கு எழாமல் நிற்கிறவன்கள். இவன்களைக் கொண்டுவந்து இப்படி நிறுத்திவிட்டு, நான் மட்டும் தோலுக்குள் காலை ஒளித்துக்கொண்டு பேசுவதா? சீ, நானும் ஒரு மனுஷனா என்று இருந்தது அவனுக்கு.

கீழே உட்கார்ந்தான். பூட்ஸ் கயிறு புதிது, முடிச்சு லேசில் அவிழவில்லை. உதயகுமார், "ஜெயபாண்டி, ஜெயபாண்டி" என்று பல்லைக் கடித்தார். இரண்டையும் கழற்றிக் கொண்டுபோய்க் கல்லடியில் வரிசையோடு வரிசையாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு திரும்பி வந்தான்.

"இது எங்க சாமி எல்லைம்மா, வெறுங்காலோட இங்க நின்னு பொய் சொல்லக்கூடாது. இவுக எல்லாம் எங்க ஊர்க்காரவுக. இந்த உடுப்பு இன்னைக்குக் காலையில போட்டது. வேலை பாத்த பையங்க போயி ரொம்ப நாளாச்சு. எண்ணெயும் போயிருச்சு. இப்ப வாரது பூராம் உப்புத் தண்ணி." குழிப் பக்கம் கையைக் காட்டினான். "பணத்தப் போடுங்க, போடாதீக, அது உங்க பாடு. போறதுக்கு முந்தி அந்தக் குழிய மட்டும் மூடிட்டுப் போகச் சொல்லுங்க தாயி. மழை வந்தா எங்க கண்மாய் செத்துரும்."

அனுசியா குழியருகே போய் வெகுநேரம் நின்றாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நான் பணம் போட்டவங்களோட ஆள். நான் சொன்னா பணம் நிற்கும், அது நிச்சயம்" என்றாள். "குழியை மூட வைக்க முடியுமான்னு எனக்குத் தெரியலை. கேட்டுப் பார்க்கிறேன். பொய்யா வாக்குக் கொடுக்கமாட்டேன், இந்த இடத்துல."

அவள் கேட்டாளோ கேட்கவில்லையோ, பணம் மட்டும் சொன்னபடி நின்றது. கம்பெனிக்காரர்கள் பம்பைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உதயகுமாரின் போன் அணைந்து கிடந்தது. ஜெயபாண்டி மனு எழுதிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினான். வந்து பார்க்கிறோம் என்றார்கள். மழை அவர்களுக்கு முன்னால் வந்துவிட்டது.

ஐப்பசி மழை, அதுவும் இடைவிடாமல் கொட்டிய மழை. மூன்றாம் நாள் மத்தியானம் அழகுராஜா ஓடி வந்தான்.

"ஏலே ஜெயபாண்டி, கெழக்குக் கரை கசியுதுலே! இன்னும் ஒரு நாழி தாங்காது!"

ஊரே மண்வெட்டியும் சாக்குமாகக் குழியடியில் நின்றது. சாக்கில் மண் அள்ளிப் போடப்போட, அது கூழாகக் கரைந்து வழிந்தது. குழியில் தண்ணீர் தளும்பிக்கொண்டு நின்றது, மேலே எண்ணெய் வர்ணம் வர்ணமாகப் படர்ந்து. வரத்துக்காலில் புதுவெள்ளம் கண்மாய்க்கு ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஓடுகிற வெள்ளம்.

ஜெயபாண்டி கிழக்கே பார்த்தான். பிறகு மேற்கே திரும்பினான். மேற்கே அவன் பருத்தி, நாலு இலை விட்டு நனைந்து நின்றது. அன்றைக்கு வேலிக்குள் நின்ற அத்தனை பேரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். மேற்குக் கரையை வெட்டு என்று சொல்ல அவர்களில் ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை. சொல்லக்கூடிய சொல்லா அது? உப்புத் தண்ணீர் பாய்ந்த கரிசல் எந்தத் தலைமுறைக்குத் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்?

அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேற்குக் கரையில் ஏறினான். முதல் வெட்டு சரியாக இறங்கவில்லை. கண்ணை மறைத்தது மழையா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. இரண்டாவது வெட்டுக்கு ஓங்கும்போது பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. முருகலட்சுமி. விதைத்தவள் அவள். ஒவ்வொரு குழியிலும் விரல் வைத்து விதை போட்டவள். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள், கையில் இன்னொரு மண்வெட்டி இருந்தது.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"கோழி கெளறுனாப்புல வெட்டுனா எப்ப வடியும்? அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க" என்றாள். சொல்லிவிட்டு ஓங்கி வெட்டினாள். அழுதுகொண்டேதான் வெட்டினாள். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் கம்பெனியைத் திட்டினாள், புருஷனைத் திட்டினாள், இருளப்பசாமியையும் விட்டுவைக்கவில்லை. கரை உடைத்துக்கொண்டு மேற்கே பாய்ந்தது. இரண்டு பேரும் பருத்திக்குள் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

செடி முழுக்கக் கருக ஒரு வாரம்கூட ஆகவில்லை. நிலம் காய்ந்தபோது மேலே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. மழை வெறித்த காலையில் ஜெயபாண்டி கண்மாய்க் கரைக்குப் போனான். நிரம்பி மறுகால் பாயும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. கல்லடியில் கழற்றுவது போலவே செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் இறங்கினான். இரண்டு கையாலும் அள்ளி வாயில் வைத்தான். விழுங்காமல் சிறிது நேரம் நாக்கில் நிறுத்திப் பார்த்தான்.

கரையில் நின்ற முருகலட்சுமி, "என்ன?" என்று கேட்டாள்.

"கரிக்கல" என்றான்.